கறுப்பு இல்லாத நூற்றெட்டுக் கூடைகள்

“எங்கள் கறுப்பில் என்ன குறை என்று தயவுசெய்து எழுதவும்.”

மூன்று வருடங்களுக்கு முன் கென்யாவிலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் கடைசி வரி இது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, நல்ல ஆங்கிலம். கடிதத்தோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் துணியும் வந்தது. இரண்டையும் எங்கள் பாஸ்போர்ட்டுகள் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். இன்னும் பதில் எழுதவில்லை. நான் அலட்சியக்காரி அல்ல. எம்.காம். படித்தவள். வந்த கடிதத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். இதுவரை பத்து முறையாவது எழுத உட்கார்ந்திருப்பேன். “அன்புள்ள சகோதரிக்கு, இங்கு அனைவரும் நலம்” என்பது வரை தடங்கல் இல்லாமல் வருகிறது. அதற்கு மேல் பேனா நகர்வதில்லை.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். கணவருக்கு மில்பிடாஸில் வேலை. எனக்கு அவர் விசாவின் வாலாக வரும் விசா. அதில் வேலை பார்க்கக் கூடாது. மற்றபடி மூச்சு விடலாம். அதைக்கூட ஒரு வார்த்தை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய்தால் நல்லது என்பது என் கணவரின் அபிப்பிராயம். மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். அவள் தும்மினால் நிமோனியா, தூங்கினால் மயக்கம் என்று நினைத்துக்கொள்ளும் நிலையில் நான் இருந்தேன். கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை. மெஷின் ஓடுகிற நேரத்தில் மனித முகம் பார்க்கக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். எல்லோரும் பிளாஸ்டிக் கூடையில் அழுக்குத் துணி கொண்டு வருவார்கள். அவள் கொண்டு வந்தது கற்றாழை நாரில் நெய்த கூடை. கருஞ்சிவப்பு, பச்சை, நார் நிறம் என்று வளையம் வளையமாகப் போய், நடுவில் மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. எங்கள் பக்கத்தில் கற்றாழை நாரில் மாட்டுக்குக் கயிறு திரிப்பார்கள். அதே நார் இவ்வளவு மிடுக்காக நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

அவள் கென்யாக்காரி. ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. மீதி நேரம் நர்ஸிங் படிப்பு. முதல் நாள் என் மகளைக் கொஞ்சிவிட்டு, “ஐயோ, கன்னத்துல ஏதோ அழுக்கு” என்று டிஷ்யூவை எடுத்து ஒரே இழுப்பில் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, மையை எடுத்து முன்னைவிடப் பெரியதாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் விழித்தாள். விளக்கம் சொன்னேன். குழந்தையைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டால் கண் பட்டுவிடும். கறுப்பு வைத்தால் அண்டாது.

“அப்போ கறுப்பு காப்பாத்தும்னு சொல்றே.”

“ஆமாம்.”

“நல்ல நம்பிக்கைதான்” என்றாள், தன் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டு. இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து என்னை ‘பாப்பா அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிள்ளையைச் சொல்லித் தாயைக் கூப்பிடுவது அவர்கள் வழக்கமாம். எங்கள் வழக்கமும் அதுதான் என்றேன். உலகமே ஒன்று என்று எனக்குப் புல்லரித்த கட்டம் அது. அதிக நாள் நீடிக்கவில்லை.

கூடைகளைப் பின்னுவது அவள் அக்காவும் அக்காவோடு சேர்ந்த இருபத்தாறு பெண்களும். நைரோபியிலிருந்து ஒருவன் லாரியில் வருவான், அள்ளிப் போட்டுக்கொண்டு போவான். அதற்குப் பிறகு கூடை எந்த நாட்டுக்குப் போகிறது, யார் தோளில் தொங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தாங்களே வெளிநாட்டில் ஒரு வியாபாரியைப் பிடித்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஒரே ஒரு பையர் போதும் என்றாள் தோழி.

பையர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் கரூர்க்காரி. எங்கள் ஊரில் குலதெய்வத்துக்கு அடுத்தபடி பையர்தான். அப்பா ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜராக இருந்தார். பையர் வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, கழிப்பறைக்கு ஃபினாயில் ஊற்றி, அவருக்கென்று ஒரு டிஷ்யூ பேப்பர் உருளை வாங்கி வைப்பார்கள். ரோஜா மாலை போடுவார்கள். மாலையைக் கழுத்தில் வைத்துக்கொண்டே அந்த வெள்ளைக்காரர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, எங்கள் மேஜை விரிப்பின் மேல் அழுத்தித் தேய்ப்பார். துணியில் சாயம் ஒட்டினால் மொத்தச் சரக்கும் ரிஜெக்ட். அன்று எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். அப்பா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

இதையெல்லாம் தோழியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். போதாததற்கு அவள் அக்காவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். சரக்கு அனுப்புமுன் ஒவ்வொரு கூடையையும் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும், பையர்கள் எதிர்பார்ப்பது அது என்று. கேட்காத ஆலோசனையை வழங்குவது எங்கள் குடும்பச் சொத்து.

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கற நேரத்துல ஏம்மா இதெல்லாம்?”

“சும்மா லெட்டர்தானுங்க எழுதறேன்.”

“சும்மான்னா சும்மாவே பண்ணு. கமிஷன் கிமிஷன்னு எதையும் கையில வாங்கிராத.”

“வாங்கமாட்டேனுங்க.”

“கிஃப்ட்டுன்னு குடுத்தாலும் வாங்கிராத.”

பெண்கள் சும்மா உழைப்பதற்கு எந்த நாட்டிலும் விசா கேட்பதில்லை. எனக்கும் தைரியம் வந்தது.

மகளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போய், டெலிபோன் புத்தகத்தில் கைவினைக் கடைகளைத் தேடி எழுதி, அங்கேயே கடிதங்களையும் டைப் செய்தேன். மாதிரிக் கூடைகளோடு நேரிலும் போனேன். பெர்க்லியில் ஒரு கடை. காதி மாதிரி ஏதோ உடுத்திய அம்மாள் கூடையைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார், “இந்தப் பெண்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறார்களா?” ஒருத்தி சொந்தமாக மாவு மில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கூடையோடு ஓர் அட்டை கட்ட வேண்டுமாம், அதில் ஒரு கதை வேண்டுமாம், மாவு மில் கதைக்கு ஆகாதாம். புகைப்படம் கேட்டார். தோழி ஆல்பத்திலிருந்து கொடுத்ததைக் காட்டினேன். இருபத்தாறு பேரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தொப்பியும் கைப்பையுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “சிரிக்காமல் ஒன்று இருக்கிறதா?” என்று கேட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொருவர், பின்னல் இவ்வளவு நேராக இருந்தால் மெஷின் என்று சந்தேகப்படுவார்கள், கொஞ்சம் கோணலாகப் பின்னச் சொல்ல முடியுமா என்றார். மூன்றாவது கடையில் கல்லாவில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்கள்தான் அந்தக் கைவினைஞரா?” என்று கனிவோடு கேட்டாள். சேலை கட்டிக்கொண்டு போனது என் தப்பு. ஹாலந்தில் ஓர் இறக்குமதிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அச்சு அசலாக ஒரே மாதிரி ஐயாயிரம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று பதில் வந்தது. ஒன்று கோணலாக இருக்க வேண்டும், அல்லது ஐயாயிரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாக, நேராக, இருபத்தாறு பெண்களால் பின்ன முடிகிற அளவுக்கு இருப்பதை வாங்க ஆள் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பையர் என்றால் வெள்ளைக்காரர்தான் என்று ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? கென்யாவுக்கு அமெரிக்காவில் இருக்கும் நாமும் வெளிநாட்டுப் பையர்தானே! நவராத்திரி வருகிறது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது ஒன்று வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும். போன வருடம் எனக்கு ஏழு பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ்கள் கிடைத்தன. அதற்குப் பதில் ஒரு சின்னக் கூடை. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. எங்கேயோ தப்பிருக்கும் என்றும் தோன்றியது. அந்தத் தோன்றலை நான் மதித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு அரை மணி தூரத்தில், டப்ளினில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார். கணவர் டாக்டர், மலைச்சரிவில் வீடு, ஒன்பது படி கொலு. சாக்ரமென்டோவிலிருந்தெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற அவர் வீட்டு பாட்லக் விருந்துக்குத் தயிர்சாதத்தோடு ஆறு சின்னக் கூடைகளையும் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கூடைகள் கை மாறின.

“ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! எல்லாம் கையாலயா பண்றாங்க?” என்றார் ஆன்ட்டி.

“ஆமா ஆன்ட்டி.”

“பாவம்.”

“இதே நம்ம ஊர்ல ரோட்டோரமா போட்டு விப்பாங்க” என்று ஒருத்தி.

“ஆப்பிரிக்கான்னா பூச்சி கீச்சி ஏதும் கூட வராதே?” என்று இன்னொருத்தி, கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள்.

ஆன்ட்டி எல்லோரையும் கையமர்த்தினார். “நான் நூத்தியெட்டு எடுத்துக்கறேம்மா. சுபமான நம்பர். இந்த வருஷம் யாரும் குடுக்காததா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. இந்தக் கறுப்புப் பட்டை இல்லாம பின்னச் சொல்லிடு.”

“கறுப்பா ஆன்ட்டி?”

“வெத்தலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வெச்சுக் குடுக்கறோம். அதுல போய்க் கறுப்பு இருந்தா வாங்கிக்கறவங்க என்ன நினைப்பாங்க? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.”

“ஆமாமா, எனக்குக்கூட ஒண்ணும் இல்ல” என்றாள் பூச்சி தேடியவள். “என் மாமியார் இருக்காங்க, அவங்களுக்காகத்தான்.”

அறையில் பதினோரு பேர். ஒருவருக்கும் கறுப்பில் ஆட்சேபம் இல்லை. பதினோரு பேரும் வேறு யாருக்காகவோ ஆட்சேபித்தார்கள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண் மட்டும், “உங்க புது கார் கறுப்புதானே ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டாள்.

“அதான் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கேனே!” என்றார் ஆன்ட்டி.

இவர்களை இப்படி எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். “சரி ஆன்ட்டி, சொல்லிடறேன்” என்றேன். கூடையைக் கொண்டுபோகும்போதே அந்தப் பட்டை என் கண்ணை உறுத்தியது. யாராவது கவனிப்பார்களோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். என் கல்யாணத்துக்கு ஒருவர் கொடுத்த கறுப்புக் கரை போட்ட சேலையை அம்மா அன்றைக்கே வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் ஏன் என்று கேட்டதில்லை.

நூற்றெட்டு என்றதும் தோழி துவைக்கும் அறையிலேயே கூவிவிட்டாள். என் மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். “எங்க அக்காவுக்கு இந்தியக் கடைக்காரங்களைத்தான் தெரியும், பேரம் பேசியே கொன்னுடுவாங்க. உன்னை மாதிரி ஆள் இருக்கறது தெரியாது” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு” என்றேன், ஆன்ட்டியின் குரலிலேயே. “கறுப்பு மட்டும் வேண்டாமாம்.”

“ஏன்?”

சிறிய கேள்வி. பதிலும் சிறியதுதான். ஆனால் அவள் கை என் மகளின் முதுகில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பட்டுப்புடவை” என்றேன். “விசேஷத்துக்குப் பட்டு கட்டிட்டு வருவாங்க. கறுப்புச் சாயம் புடவையில ஒட்டிடுமோன்னு பயப்படறாங்க.”

அவள் குழந்தையைக் கீழே இறக்கினாள். “ஒட்டுமா? அதுவா? மத்த நிறமெல்லாம் சந்தையில வாங்கற சாயத்தூள், பாப்பா அம்மா. கறுப்பு ஒண்ணுதான் நாங்களே போடறது.” குழுவில் ஒரே ஒருத்திக்குத்தான் அது சரியாக வருமாம். மரப்பட்டையை வேகவைத்த தண்ணீரில் நாரை ஊறப்போட்டு, ஆற்றுச் சேற்றில் புதைத்து, எடுத்து, திரும்பப் புதைத்து எடுப்பாளாம். லாரிக்காரன்கூடக் கறுப்பைத் தடவிப் பார்த்துத்தான் கூடையை எடுப்பானாம்.

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். மெஷின் நின்றுவிட்டது என்று சொல்லித் துணியை எடுக்கப் போய்விட்டேன்.

அக்காவுக்கு முறைப்படி ஆர்டர் கடிதம் போக வேண்டும். ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினேன். அவர்கள் ஊரில் ஃபேக்ஸ் மெஷின் இருந்தது ஒரு குஜராத்தியின் மளிகைக் கடையில். எண்ணிக்கை, அளவு, தேதி, நவராத்திரிக்குப் பட்டு உடுத்தி வருகிறவர்களுக்கு என்பது எல்லாம் எழுதினேன். கறுப்பு வேண்டாம் என்று நேராக எழுதாமல் கடைசியில் இப்படி முடித்தேன்: ‘தங்கள் கறுப்பு நிறம் தேய்ப்புச் சோதனையில் திருப்தியாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ எழுதிய பிறகுதான் தெரிந்தது, அப்பாவின் மேஜையில் நான் பார்த்த வாக்கியம் அது. ஒரு சொல்கூட மாறாமல் வந்திருந்தது. ‘கிறோம்’ என்ற பன்மை உட்பட.

ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பதில் இல்லை. ஆன்ட்டி போன் மேல் போன். “என்னம்மா, கூடை கிளம்பிடுச்சா? உன்னை நம்பித்தான் வேற எதுவும் பாக்காம இருக்கேன்.” நான் ஒவ்வொரு முறையும், வந்துகொண்டே இருக்கிறது என்றேன். ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தது கை வந்துவிடுகிறது.

ஆகஸ்டு கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. அவர்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். என் ஃபேக்ஸ் கிடைத்த அன்றே பின்னுவதை நிறுத்திவிட்டார்கள். குறை சொன்ன சரக்கை அப்படியே அனுப்புவது மரியாதை இல்லை என்று முடிவு செய்தார்கள். கறுப்பு போடுகிறவள், இருபது வருடத்தில் தன் கறுப்பைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு எழுந்து, புது மரப்பட்டை வெட்டி, வழக்கமான இரண்டு முறைக்குப் பதில் நான்கு முறை சேற்றில் புதைத்து எடுத்தாள். நான் முதலில் எழுதியிருந்த ஆலோசனைப்படி எல்லோரும் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார்கள். உலர்ந்த துணியால், ஈரத் துணியால், பட்டு எப்படி இருக்கும் என்று தெரியாததால் எண்ணெய் தடவிய துணியாலும். கறுப்பு ஒட்டவே இல்லை. சாட்சிக்குத் துணி இணைக்கப்பட்டுள்ளது. ஆனால் சிவப்பும் பச்சையும் லேசாக ஒட்டின. ‘ஆகவே, தங்கள் வாடிக்கையாளர்களின் பட்டாடைகளுக்குத் தீங்கு வராதிருக்க, ஒட்டுகிற நிறங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டோம். நூற்றெட்டுக் கூடைகளையும் கறுப்பிலும் நார் நிறத்திலும் மட்டுமே பின்னி வருகிறோம். ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டன.’

அடுத்த பத்தி: ‘தங்கள் ஃபேக்ஸை எடுத்துக் கொடுத்த இந்தியக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால், எங்கள் கறுப்பில் என்ன குறை என்று தயவுசெய்து எழுதவும்.’

அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டையில் வெட்டியது. ஓரத்தில் பொத்தான் துளை இருந்தது. பளீரென்று இருந்தது.

ஆன்ட்டியிடம் சொன்னேன். “ஐம்பத்திரண்டும் கறுப்பா? நவராத்திரிக்கா?” என்றவர், நான் மேற்கொண்டு பேசும் முன்பே, “பரவால்லம்மா, உன் மேல தப்பில்ல. அவங்களுக்கு எங்க புரியப் போகுது” என்று என்னை மன்னித்துவிட்டார். அந்த வருடக் கொலுவில் அவர் வீட்டில் எல்லோருக்கும் மைக்ரோவேவில் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. மூடி கண்ணாடி மாதிரி. அடிப்பாகம் நல்ல கறுப்பு. அதில்தான் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். நானும் வாங்கிக்கொண்டேன். முணுமுணுப்பு எதுவும் என் காதில் விழவில்லை. பிளாஸ்டிக்குக்கு நிறம் கிடையாது போலும்.

கடிதம் வந்த பிறகு தோழியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் போதவில்லை. அந்த மூன்று நாளும் துணியைக் குளியல்தொட்டியிலேயே துவைத்தேன். நான்காம் நாள் அவளே மாடி ஏறி வந்துவிட்டாள்.

“அக்கா போன் பண்ணினா. எதுக்கு ஃபேக்ஸைப் பார்த்துக் கடைக்காரன் சிரிச்சான்? உனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லு, பாப்பா அம்மா.”

சொன்னேன். சாயம் ஒட்டும் என்று யாரும் சொல்லவில்லை, அது என் கற்பனை. எங்களில் சுபகாரியத்துக்குக் கறுப்பு ஆகாது. பழக்கம். வேறு எந்த அர்த்தமும் இல்லை. ‘வேறு எந்த அர்த்தமும் இல்லை’ என்பதை இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் திட்டவில்லை. தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் அன்றைய பொட்டு பெரியதாக, புதியதாக இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள், ஆனால் துடைக்கவில்லை.

“கறுப்பு காப்பாத்தும்னு சொன்னே. அது உன் பிள்ளைக்குக் காவல் நிக்கலாம், விருந்துக்கு வரக் கூடாதா?”

நான் டீ போடட்டுமா என்று கேட்டேன். இதைவிடக் கேவலமான பதில் உலகத்தில் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள், “நான் அக்காகிட்ட இதைச் சொல்ல மாட்டேன். பொய்யை எழுதினது நீ. உண்மையையும் நீயே எழுது.”

ஐம்பத்திரண்டு கூடைகளையும் பழைய லாரிக்காரனே எடுத்துக்கொண்டு போனான் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் தோழிக்கு ஹூஸ்டனில் நர்ஸ் வேலை கிடைத்துப் போய்விட்டாள். விடைபெறும்போது கட்டிக்கொண்டாள், துணி எடுத்து வரும் அந்தக் கூடையை எனக்குத் தரவில்லை. தந்திருந்தால் எங்கே வைப்பது என்று நான் கவலைப்பட்டிருப்பேன்.

போன மாதம் அவளிடமிருந்து போன். ஹூஸ்டனில் ஒரு கடைக்காரர் கூடைகளை நேரடியாக அந்தப் பெண்களிடமிருந்தே வாங்கத் தயாராக இருக்கிறார். கதை கேட்கவில்லை, கோணல் கேட்கவில்லை. அவள் வீட்டில் பார்த்த பழைய கூடையைப் போலவே, அந்தக் கறுப்புப் பட்டையோடு வேண்டும் என்கிறார். அக்காவின் பல வருட ஆசை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

“சந்தோஷம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“அவங்க கறுப்பு போடறதில்லை” என்றாள். “உனக்காகப் பின்னின அந்த ஐம்பத்திரண்டுக்கு அப்புறம் போடறதே இல்லை. அமெரிக்கப் பையர் குறை சொல்லிட்டாங்க, இன்னும் சரின்னு சொல்லலைன்னு. சாயம் போடற அந்தம்மா மரப்பட்டை வெட்டவே போறதில்லையாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், நீ தங்கச்சி, நீ அப்படித்தான் சொல்லுவேங்கறாங்க. குறை சொன்னவங்க வாயாலயே வரணுமாம். கடைக்காரர் அடுத்த மாசம் முடியற வரைக்கும்தான் பொறுப்பேங்கறார். ஒரு லெட்டர், பாப்பா அம்மா.”

ஆக, மூன்று வருடமாக ஓர் ஊரில் ஒரு பெண், பட்டை வெட்டப் போகாமல், ஆற்றுச் சேற்றுக்குப் போகாமல், கரூரில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்ததுபோல் இருந்திருக்கிறாள். மாலை போடப்படாத, சம்பளம் வாங்கக் கூடாத, ஒரு கூடைகூட வாங்காத பையர் ஒருத்தி எழுதிய ஒற்றை வரியால்.

கணவர் வழி சொன்னார். “இப்ப சாயம் சரியாயிடுச்சு, நன்றின்னு எழுதிப் போட்டுடேன். முடிஞ்சுது.” முடிந்துதான் போகும். ஆனால் அந்தப் பெண், முன்பு தன் கறுப்பு மோசமாகத்தான் இருந்தது என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பாள். குறையே இல்லை என்று எழுதினால், பின் ஏன் இருக்கிறது என்று எழுதினாய் என்பார்கள். அது நியாயமான கேள்வி. கரூருக்குப் போன் செய்தபோது அம்மா, “சாமிக்கு ஆகாதுன்னு எழுதிரு கண்ணு” என்றார். எந்தச் சாமிக்கு? கருங்கல்லில் செதுக்கி, எண்ணெய் தடவித் தடவி, இன்னும் கறுப்பாக்கி நாம் கும்பிடுகிற சாமிக்கா?

உண்மையையே எழுதலாம். ‘உங்கள் சாயத்தில் குறை இல்லை. குறை எங்களிடம். எங்கள் வீடுகளில் நல்ல நாளில் கறுப்பை உள்ளே விடமாட்டோம்.’ ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். இருபத்தாறு ஆப்பிரிக்கப் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். தாளைக் கிழித்துவிட்டேன். உண்மை என்பதால் அது சொல்லத் தகுந்ததாகிவிடுமா? நான் மறைப்பது அவர்கள் மனம் நோகாமல் இருக்கவா, என் முகம் கறுக்காமல் இருக்கவா? இரண்டாவதுதான் என்று சந்தேகிக்கிறேன். முதலாவதும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

இதை எழுதும்போது என் இரண்டாவது பிள்ளை பக்கத்தில் தூங்குகிறான். நான்கு மாதம். அவன் கன்னத்திலும் பொட்டு இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் காலையில் கை தானாக மையை எடுத்து வைத்துவிட்டது. மகள் பார்த்துக்கொண்டே இருந்து, “ஒய் பிளாக், அம்மா?” என்று கேட்டாள். அவளிடமும் டீ போடட்டுமா என்று கேட்க முடியாது.

வாசகர்களில் பெரிய மனது உள்ளவர்கள் யாராவது, அந்தக் கடிதத்தின் மூன்றாவது வரியை மட்டும் எனக்கு எழுதித் தர வேண்டும். முதலிரண்டு வரி இருக்கிறது: அன்புள்ள சகோதரிக்கு, இங்கு அனைவரும் நலம். மூன்றாவது வரி அந்தப் பெண்ணைச் சேற்றங்கரைக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். பொய்யாக இருக்கக் கூடாது. அவள் தலை நிமிர்ந்து கேட்கக் கூடியதாக இருக்க வேண்டும். என் தலையைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருக்கிறது. தபால் போய்ச் சேர இரண்டு வாரமாகும். ஃபேக்ஸ் அனுப்பலாம், ஆனால் அதை அன்று சிரித்த மளிகைக் கடைக்காரர் முதலில் படிப்பார்.